டிரான்ஸ்பர் சீட்டு

'டிரான்ஸ்பர்' என்ற வார்த்தையைக் கேட்டாலே பள்ளிக்கூட உபாத்தியாயருக்கு வயிற்றில் புளி கரைக்கும். ஒரு நாள் காரியாலயத்திலிருந்து கடிதம் ஒன்று வரும். அதில் ஓர் ஊரின் பெயர் இருக்கும். அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தேசப்படத்தை விரித்துப் பார்த்துவிட்டு மூட்டை கட்ட ஆரம்பிக்க வேண்டியதுதான். ஆகையால், அதே பெயரையுடைய ஒரு காகிதத் துண்டை நாம் வெகு பிரியத்துடன் கையில் பிடித்துக்கொண்டு சில வாரங்கள் திரிந்தோம் என்று சொன்னால் நம்முடைய சகாக்கள் நம்பமாட்டார்கள். ஆனாலும் அது உண்மை. இடம் கனடா தேசத்தின் பெரிய நகரமாகிய டொராண்டோ, வருஷம் 2016.

அந்த நகரத்தில் பூமிக்கு அடியில் ரயில் ஓடுகிறது. தெருவில் டிராம் ஓடுகிறது, பஸ்ஸும் ஓடுகிறது. மூன்றும் ஒரே பொது ஸ்தாபனத்தைச் சேர்ந்தவை. வீட்டிலிருந்து புறப்பட்டு, ரயிலில் பாதி தூரமும் டிராமில் மீதி தூரமும் போகிற மனிதர் ஒரு தடவை காசு கொடுத்தால் போதும். ரயிலுக்குக் காசு கொடுத்துவிட்டேன் என்பதை டிராம் ஓட்டுகிறவரிடம் எப்படி நிரூபிப்பது? அதற்காக ஏற்பட்டதுதான் டிரான்ஸ்பர் சீட்டு. ரயில் ஸ்டேஷனுக்குள்ளே ஒரு பெட்டி இருக்கும். அதன் பொத்தானை அமுக்கினால் விரல் நீளத்துக்கு ஒரு காகிதம் நாக்கை நீட்டுவதுபோல் வெளியே வரும். அதில் ஸ்டேஷனின் பெயரும் தேதியும் மணியும் அச்சாகியிருக்கும். விலை கிடையாது. அதைக் காட்டிவிட்டு டிராமில் ஏறிக்கொள்ளலாம்.

கேட்பதற்கு இது சுலபமாகத்தான் இருக்கிறது. நாம் தங்கியிருந்த வீட்டில் நண்பரின் தாயார் இருந்தார். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர், 1983 கலவரத்துக்குப் பிறகு பிள்ளைகளோடு கனடா வந்து சேர்ந்தவர். வீட்டில் எல்லோரும் அவரை ஆச்சி என்றே அழைப்பார்கள். நாமும் அப்படியே அழைத்தோம். முதல் நாள் நாம் தனியாக ஊர் சுற்றக் கிளம்பியபோது அவர் வாசல்வரை வந்து எச்சரிக்கை செய்தார்.

"தம்பி, ரயிலாலை இறங்கி டிராமிலை ஏறப் போறியளெண்டால், காசு போட்டு உள்ளுக்கை போன உடனையே அந்தத் துண்டை எடுத்துப் பையிலை வையுங்கோ. இறங்கிற இடத்திலை எடுத்தால் செல்லாது, கண்டியளோ?"

கண்டோம் என்று தலையை ஆட்டிவிட்டுப் போனோம். கென்னடி என்னும் ஸ்டேஷனில் காசுக்குப் பதிலாகப் போடும் சின்னஞ்சிறு வில்லையைப் போட்டு உள்ளே சென்றோம். ரயிலைக் கண்ட சந்தோஷத்தில் துண்டின் ஞாபகம் வரவில்லை. நகரத்தின் நடுவே குயீன் ஸ்டேஷனில் இறங்கியபோதுதான் பெட்டி கண்ணில் பட்டது. ஓடிப்போய்ப் பொத்தானை அமுக்கினோம். துண்டு வந்தது. வெற்றி வீரரைப் போல் மேலே ஏறி, குயீன் தெருவில் டிராமை நிறுத்தி, சீட்டை நீட்டினோம். ஓட்டுகிறவர் அதைப் பார்த்தார், நம்மையும் பார்த்தார். "ஐயா, இது இந்த வாசலிலேயே எடுத்தது. நீங்கள் ஏறின ஸ்டேஷனில் அல்லவா எடுத்திருக்க வேண்டும்?" என்றார், சிறு பையனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் குரலில். தப்பு முழுவதும் நம்முடையது. இன்னொரு வில்லையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தோம். சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட ஆச்சி, "நான் சொன்னனான் எல்லே?" என்று சிரித்தார்.

அன்றிரவு அந்தச் செல்லாத சீட்டை வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான் அதன் சூட்சுமம் விளங்கிற்று. குயீன் ஸ்டேஷன் சீட்டு குயீன் ஸ்டேஷன் வாசலிலேயே செல்லுமானால், ஒருவர் உள்ளே போய்க் கைநிறையச் சீட்டுகளை எடுத்துவந்து, தெருவில் நிற்கும் சிநேகிதர்களுக்கெல்லாம் சந்தனம் வெற்றிலைபோல் விநியோகம் செய்துவிடலாம் அல்லவா? சீட்டில் உள்ள பெயர், நீங்கள் எங்கே புறப்பட்டீர்கள் என்பதற்குச் சாட்சி. மணி, நீங்கள் வழியில் தங்கவில்லை என்பதற்குச் சாட்சி. இரண்டு பாதைகளும் சந்திக்கும் இடத்தில்தான் மாறவேண்டும். முதலில் வரும் வண்டியில் ஏறவேண்டும். வந்த திசையிலேயே திரும்பிப் போகக்கூடாது. நடுவில் இறங்கிக் கடைக்குப் போய்விட்டு வரக்கூடாது. பிறருக்குக் கொடுக்கவும் கூடாது. ஒரு சாண் காகிதத்துக்கு இத்தனை சாஸ்திரங்கள்!

மோசடிக்குப் பயந்து வண்டிக் கம்பெனிகள் செய்த வேடிக்கைகள் இன்னும் உண்டு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் சில டிராம் கம்பெனிகள் சீட்டின் ஓரத்தில் சிறு முகங்களை வரிசையாக அச்சிட்டன. மீசை வைத்தவர், தாடி வைத்தவர், மழுங்கச் சிரைத்தவர், ஸ்திரீகள் என்று பல வகை. கண்டக்டர் பிரயாணியின் முகத்தை உற்றுப் பார்த்து, எந்தப் படத்துக்கு ஒத்திருக்கிறதோ அதில் துளை போடவேண்டும். தாடிக்காரரின் சீட்டைக் கொண்டு மீசைக்காரர் ஏறமுடியாது. ஸ்திரீகளின் வயதைக் கண்டக்டர் எப்படி நிதானித்தார், அதற்கு என்ன மரியாதை கிடைத்தது என்பதை நேயர்களின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறோம்.

இவ்வளவு கட்டுப்பாடுகளையும் தாண்டி அந்தச் சீட்டு ஒரு பெரிய விஷயத்தை ஒப்புக்கொள்கிறது. பிரயாணம் ஒன்றுதான் என்பதே அது. வேலைக்குப் போகிறவர் வீட்டு வாசலிலிருந்து காரியாலய வாசலுக்குப் போகிறார். நடுவில் ரயில் முடிந்து பஸ் ஆரம்பமாவது ரயில்காரர், பஸ்காரர் சௌகரியத்துக்காக. அவருடைய ஆசைக்காக அல்ல. அப்படியிருக்க, வண்டி மாறுகிற ஒவ்வொரு தடவையும் அவர் மடியில் கைவைப்பது எந்த நியாயம்? இந்தக் கேள்வியைக் கேட்டு டொராண்டோ ஜனங்கள் ஒரு கம்பெனியோடு போராடினார்கள். அந்தக் கதை நம்மவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது.

1891-ல் அந்த நகரசபை, டிராம் ஓட்டும் உரிமையை முப்பது வருஷக் குத்தகையாக ஒரு தனிக் கம்பெனிக்குக் கொடுத்தது. டொராண்டோ ரயில்வே கம்பெனி என்பது அதன் பெயர். மறுவருஷமே குதிரைகளுக்கு ஓய்வு கொடுத்து மின்சார வண்டிகளைக் கம்பெனி ஓட்ட ஆரம்பித்தது. கட்டணம் ஐந்து செண்ட். தன்னுடைய வண்டிகளுக்குள் ஒன்றைவிட்டு மற்றொன்றில் ஏறுவதற்கு மாற்றுச் சீட்டும் கொடுத்தது. அதுவரையில் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் நகரம் வளர்ந்தது. 1903-க்குப் பிறகு ஒவ்வொரு வருஷமாகச் சுற்றுப்புறக் கிராமங்களும் குடியிருப்புகளும் நகரத்தோடு சேர்ந்தன. மனை விலை குறைவான அந்த ஓரங்களில்தான் தொழிலாளிகளும் சிறு உத்தியோகஸ்தர்களும் வீடு கட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கும் டிராம் விடுங்கள் என்று நகரசபை கேட்டது. கம்பெனி மறுத்துவிட்டது. 'குத்தகைப் பத்திரத்தில் நகரம் என்று எழுதியிருப்பது 1891-ல் இருந்த நகரம். அதற்கு அப்பால் ஒரு தண்டவாளங்கூடப் போட நாங்கள் கடமைப்பட்டவர்கள் அல்ல' என்பது அதன் வாதம். புது இடங்களில் கூட்டம் குறைவு, லாபம் குறைவு என்பது வாதத்துக்குப் பின்னால் இருந்த கணக்கு. வழக்கு மேலே மேலே போய், கடைசியில் லண்டன் பிரிவி கௌன்ஸிலை அடைந்தது.

பிரிவி கௌன்ஸில் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்ட கதைகள் ஞாபகத்துக்கு வரும். தஞ்சாவூர் ஜில்லா நிலவழக்கும் அங்கேதான் போய் முடியும்; டொராண்டோ டிராம் வழக்கும் அங்கேதான் போய் முடியும். கனடாவும் இந்தியாவும் அந்தக் கோர்ட்டுக்கு விடை கொடுத்தது ஒரே வருஷத்தில், 1949-ல். அதற்கு எத்தனையோ காலம் முன்னால், டொராண்டோவின் பனியையும் சேற்றையும் கண்டிராத லண்டன் பிரபுக்கள் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். நகரம் எவ்வளவு வளர்ந்தாலும் டிராம் பழைய எல்லையிலேயே நின்றுகொள்ளலாம் என்று ஆயிற்று.

தீர்ப்பைக் கேட்டு நகரசபை சும்மா உட்கார்ந்துவிடவில்லை. கம்பெனி போகாத இடங்களுக்கு நாமே டிராம் விடுகிறோம் என்று தண்டவாளம் போட ஆரம்பித்தது. 1912 டிசம்பரில் நகரசபையின் முதல் வண்டி ஜெரார்டு தெருவில் ஓடிற்று. அடுத்த வருஷம் செயின்ட் க்ளேர், டான்பர்த் ஆகிய வீதிகளிலும் ஓடிற்று. கட்டணம் இரண்டே செண்ட்! மலிவுதான். ஆனால் அந்த வண்டி பழைய எல்லையில் வந்து நின்றுவிடும். கிழக்கே டான்பர்த் வீதியில் குடியிருந்தவர், பிராட்வியூ முனையில் நகரசபை வண்டியை விட்டு இறங்கி, கம்பெனி வண்டியில் ஏறி, மறுபடியும் ஐந்து செண்ட் கொடுக்கவேண்டும். இவர் சீட்டை அவர் ஒப்புக்கொள்ளமாட்டார்; அவர் சீட்டை இவர் ஒப்புக்கொள்ளமாட்டார். போகும்போது ஏழு, வரும்போது ஏழு. இன்னும் சில ஓரங்களில் வேறு சிறு கம்பெனிகளும் தனித்தனிக் கட்டணம் வாங்கின. ஒரே நகரத்துக்குள் ஒன்பது விதமான கட்டண ஏற்பாடுகள் இருந்தன.

குத்தகை 1921-ல் முடிவடைய இருந்தது. அதை எதிர்பார்த்து 1920 ஜனவரியில் ஜனங்களின் வோட்டு எடுக்கப்பட்டது. டிராமை நகரமே ஏற்று நடத்தவேண்டும் என்று ஜனங்கள் தீர்ப்பளித்தார்கள். இது லண்டனுக்குப் போகாத தீர்ப்பு! 1921 செப்டம்பர் 1-ந் தேதி டொராண்டோ போக்குவரத்துக் கமிஷன் என்னும் பொது ஸ்தாபனம் எல்லா வண்டிகளையும் ஏற்றுக்கொண்டது. ஒன்பது கட்டணங்கள் போய் ஒரே கட்டணம் வந்தது. எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்குப் போனாலும், எத்தனை வண்டி மாறினாலும், மாற்றுச் சீட்டு இலவசம்.

அந்த ஒரே கட்டணம் எவ்வளவு? ஏழு செண்ட். நேயர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓரத்தில் இருந்தவர் முன்பு இரண்டும் ஐந்தும் ஏழு கொடுத்தார். இப்போதும் ஏழு கொடுத்தார். நகரத்தின் நடுவில் வசித்து ஐந்து செண்டில் காரியத்தை முடித்துக்கொண்டிருந்தவர்தான் கூடுதலாக இரண்டு செண்ட் கொடுக்கவேண்டியதாயிற்று. நான்கு சீட்டு சேர்த்து வாங்கினால் இருபத்தைந்து செண்டுதான் என்று சிறு சலுகை உண்டு. ஆனாலும் உண்மையை மறைக்க வேண்டியதில்லை. ஓரத்தில் இருப்பவரும் நகரத்தைச் சேர்ந்தவரே என்று ஒப்புக்கொள்வதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை நடுவில் இருப்பவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். நம் அபிப்பிராயத்தில் அது நியாயமான விலை.

1954 மார்ச் மாதத்தில் யங் தெருவின் அடியில் ரயில் வந்தபோது மாற்றுச் சீட்டுக்குப் புது வேலை ஏற்பட்டது. பூமிக்கு அடியிலிருந்து வருகிறவரைத் தெருவில் ஓடும் டிராமோடு சேர்த்துவைக்க வேண்டும். என்ஜினீயர்கள் இதில் ஒரு நல்ல யுக்தி செய்தார்கள். நடு நகரத்துக்கு வெளியே உள்ள ஸ்டேஷன்களில் பஸ்களும் டிராம்களும் வேலிக்கு உள்ளேயே வந்து நிற்கும்படி கட்டிவிட்டார்கள். ரயிலை விட்டு இறங்கி, படியேறி, மழையில் நனையாமல் பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். சீட்டைக் கேட்பாரே இல்லை. ஸ்டேஷனே ஒரு பெரிய சீட்டு என்று சொல்லலாம். குயீன் போன்ற நடு நகரத்து ஸ்டேஷன்களில் இடம் இல்லாததால், தெருவுக்கு வந்துதான் டிராம் ஏறவேண்டும். நம்மைப் போன்ற ஞாபகமறதிக்காரர்கள் அகப்பட்டுக்கொள்வது அங்கேதான்.

அதே 1954-ல் ஸ்தாபனத்தின் பொறுப்பு சுற்றுப்புறப் பேட்டைகளுக்கும் விரிந்தது. உடனே பழைய வியாதி திரும்பி வந்தது. நடு நகரம் ஒரு வட்டம், வெளிப் பேட்டைகள் வேறு வட்டம், வட்டம் தாண்டினால் மேல் கட்டணம் என்று ஏற்பாடு செய்தார்கள். ஸ்கார்பரோவாசிகள் அதிகம் கொடுத்தார்கள். 1973-ல்தான் அந்த வட்டங்கள் அழிந்தன. பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் ஸ்கார்பரோவில் குடியேறியதற்கு வாடகை முதல் உறவினர் வரை பல காரணங்கள் உண்டு. ஆனால் அங்கிருந்து ஒரே கட்டணத்தில் நகரத்தின் எந்தத் தொழிற்சாலைக்கும், ஹோட்டலுக்கும், கலாசாலைக்கும் போகமுடிந்தது என்பதை நாம் சாமானியமாக நினைக்கக்கூடாது. இரவு வேலை முடிந்து, பஸ்ஸும் ரயிலும் மறுபடி பஸ்ஸுமாக மாறி வீடு திரும்பிய தகப்பன்மார்களின் சட்டைப் பைகளில் அந்தத் துண்டுகள் நிறைந்திருந்தன. துவைக்கும்போது உதிர்ந்து வரும் என்று ஆச்சி சொன்னார்.

காலம் செல்லச் செல்ல, கொஞ்சம் வசதி வந்த குடும்பங்கள் ஸ்கார்பரோவிலிருந்து வடக்கே மார்க்கம் என்னும் ஊருக்குப் போய்ச் சொந்த வீடு வாங்கின. அங்கே இப்போது 'வன்னி' என்ற பெயரில் ஒரு வீதியே இருக்கிறது. ஸ்கார்பரோவுக்கும் மார்க்கத்துக்கும் நடுவே உள்ளது ஸ்டீல்ஸ் அவென்யூ என்னும் ஒரு ரஸ்தா, அவ்வளவுதான். ஆற்றையோ மலையையோ தேடவேண்டாம். ரஸ்தாவுக்குத் தெற்கே டொராண்டோ நகரம், வடக்கே யார்க் பிரதேசம். இரண்டு நிர்வாகங்கள், இரண்டு கட்டணங்கள். தெற்கே வாங்கிய சீட்டு வடக்கே செல்லாது. வடக்கே வாங்கியது தெற்கே செல்லாது. ஒரே பஸ் ரஸ்தாவைக் கடந்து போகிற பாதைகளும் உண்டு. அதே ஆசனத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பவரும் எல்லையைத் தாண்டிப் போவதானால் இன்னொரு கட்டணம் கொடுக்கவேண்டும். 1913-ல் டான்பர்த் வீதிக்காரராவது ஒரு வண்டியிலிருந்து இறங்கி மற்றொன்றில் ஏறியபிறகு இரண்டாவது காசு கொடுத்தார்!

ஆச்சியின் மகள் வீடு மார்க்கத்தில், ரஸ்தாவுக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் இருந்தது. ஆச்சி பஸ்ஸில் ஸ்டீல்ஸ் வரை வருவார்; அங்கே இறங்கிக்கொள்வார்; மீதி தூரத்தை நடந்துவிடுவார். முதியோருக்குக் கட்டணம் குறைவுதான். இருந்தாலும் ஒரே பிரயாணத்துக்கு இரண்டு தடவை கொடுக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. "என்ன கடலே தாண்டுறன்? ஒரு றோட்டுத்தானே!" என்பார். கோடையில் பரவாயில்லை. ஜனவரி மாதத்தில், நடைபாதையில் பனிக்கட்டி கண்ணாடிபோல் உறைந்து கிடக்கும்போது, எழுபது வயதைக் கடந்த அம்மாள் ஒருவர் கறிக்குழம்புப் பாத்திரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு நடப்பதை நினைத்துப் பாருங்கள். பேரப்பிள்ளைகள் காரில் வந்து ஏற்றிக்கொள்கிறோம் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார்களாம். பெட்ரோல் செலவு என்று அதையும் மறுத்துவிட்டார்.

2017 டிசம்பரில் வேறொரு விசித்திரம் நடந்தது. பூமிக்கு அடியில் ஓடும் ரயில், எல்லையைத் தாண்டி வான் என்னும் அண்டை நகரம் வரையில் நீட்டப்பட்டது. (வான் என்பது ஆகாயமல்ல, ஊரின் பெயர்.) ஸ்டீல்ஸ் ரஸ்தாவுக்கு வடக்கே இரண்டு ஸ்டேஷன்கள் திறக்கப்பட்டன. அவற்றுக்குப் போகிற ரயில் பிரயாணியிடம் யாரும் இரண்டாவது கட்டணம் கேட்கவில்லை. பூமிக்கு அடியில் எல்லை கிடையாது. பூமிக்கு மேலே எல்லை உண்டு! அந்த ரயிலை விட்டு இறங்கி வடபுறத்து பஸ்ஸில் ஏறினால் மறுபடியும் முழுக் கட்டணம். மாகாண ஸர்க்கார் 1967 முதல் நடத்தி வரும் தூர ரயில்களிலும் இந்த அநீதி வேறு உருவத்தில் இருந்தது. அண்டை ஊர் பஸ்களில் பெரும்பாலானவை அந்த ரயிலின் பிரயாணிகளைச் சில்லறைக் காசுக்கு ஏற்றிக்கொண்டன. 2022-ல் அந்தச் சில்லறையும் வேண்டாமென்று விட்டார்கள். டொராண்டோ நகரத்து வண்டிகளோடு மட்டும் ஒப்பந்தம் நிலைக்கவில்லை. 2018-ல் ஒரு தள்ளுபடி வந்தது, 2020-ல் போய்விட்டது.

நடுவே மாற்றுச் சீட்டின் சாஸ்திரங்களில் மிகக் கடுமையான ஒன்று தளர்ந்ததையும் சொல்லவேண்டும். 2018 ஆகஸ்டு 26-ந் தேதி முதல், 'ப்ரெஸ்டோ' என்னும் கார்டைத் தட்டி ஏறுகிறவர்கள் இரண்டு மணி நேரத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம், வந்த வழியே திரும்பியும் போகலாம் என்று ஆயிற்று. இதன் அருமை ஆண்பிள்ளைகளுக்கு உடனே புரியாது. வேலைக்குப் போய் வருகிற ஆண்பிள்ளை பெரும்பாலும் நேரே போய் நேரே வருகிறார். பெண்பிள்ளைகளோ வழியில் குழந்தையை விட இறங்கவேண்டும், மருந்து வாங்க இறங்கவேண்டும், கீரையும் பாலும் வாங்க இறங்கவேண்டும். பழைய விதிப்படி ஒவ்வொரு இறக்கமும் ஒரு புதுக் கட்டணம். செயின்ட் க்ளேர் வீதியில் 2005 முதல், ரிப்பேர் வேலைகளை முன்னிட்டு, காகிதச் சீட்டிலேயே இந்த நேரச் சலுகையைப் பரீட்சை பார்த்திருந்தார்கள். நகரம் முழுவதற்கும் வர இன்னும் பதின்மூன்று வருஷம் பிடித்தது!

கடைசியில் 2024 பிப்ரவரி 26-ந் தேதி, ஸ்டீல்ஸ் ரஸ்தாவின் எல்லைக் கட்டணம் எடுபட்டது. 'ஒரே கட்டணம்' என்பதே திட்டத்தின் பெயர். டொராண்டோ வண்டிகள், யார்க் பிரதேச வண்டிகள், மற்ற அண்டை ஊர் வண்டிகள், மாகாணத்தின் தூர ரயில்கள் எதற்குள் எது மாறினாலும் இரண்டாவது கட்டணம் கிடையாது. உள்ளூர் வண்டிகளின் வருமான இழப்பை மாகாண ஸர்க்கார் ஈடு செய்வதாக ஒப்புக்கொண்டது. அதற்கு முன்னால் மார்க்கத்திலிருந்து டொராண்டோவுக்கு ஒரு தரம் போக, கார்டில் ஏழு டாலருக்கு மேல் கழிந்தது. தினம் போய் வருகிறவருக்கு வருஷத்தில் சராசரி 1,600 டாலர் மிச்சம் என்று ஸர்க்கார் கூறிற்று. நாமும் பென்ஸிலை எடுத்துப் போட்டுப் பார்த்தோம். ஒரு வழிக்கு 3.30 டாலர் மிச்சம். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு இரண்டு வழி, வருஷத்தில் நாற்பத்தெட்டு வாரம். கணக்கு ஏறக்குறைய சரியாகத்தான் வருகிறது. ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு அது ஒரு மாத மளிகைக்கு மேல்.

ஆனால் நம் மனதில் ஒரு குறை இருக்கிறது. இந்த ஏற்பாடு கார்டைத் தட்டி ஏறுகிறவர்களுக்கு மட்டுந்தான். நாணயத்தைப் போட்டு ஏறுகிறவருக்கு எல்லை இன்னும் எல்லையாகவே இருக்கிறது. வடக்கே காசு கொடுத்தவர் தெற்கே வந்து மறுபடியும் காசு கொடுக்கவேண்டும். நாணயத்தைப் போட்டு ஏறுகிறவர்கள் யார்? வயோதிகர்கள், நேற்று வந்திறங்கிய அகதிகள், பாங்கிக் கணக்கு இல்லாதவர்கள், கார்டில் இருபது டாலரை முன்கூட்டி நிரப்பி வைக்கமுடியாத அன்றாடங்காய்ச்சிகள். இரண்டாவது கட்டணம் யாரை அதிகமாக உறுத்துமோ அவர்களே.

பழைய காகிதத் துண்டுக்கு எத்தனையோ குற்றம் சொல்லலாம். நனைந்தால் கிழியும், தெருவெல்லாம் குப்பையாகும், மறந்தவரைத் தண்டிக்கும். ஆனால் அது யாரிடமும் பெயர் கேட்டதில்லை; பாஷை கேட்டதில்லை; பாங்கி எது என்று கேட்டதில்லை. கையில் சில்லறையோடு வந்த எவருக்கும், கோடீசுவரருக்குக் கொடுக்கும் அதே நீளத் துண்டைத்தான் அது கொடுத்தது. கார்டு இயந்திரங்களுக்குக் கோடிக்கணக்கில் செலவழித்த நிர்வாகங்கள், நாணயம் போடுகிறவருக்காக எல்லை தாண்டிச் செல்லும்படியான ஒரு சீட்டை அச்சடித்துக் கொடுக்கலாம். மோசடி நடக்கும் என்பார்கள். மீசையும் தாடியும் அச்சடித்த காலத்திலிருந்தே அந்தப் பயம் இருந்து வருகிறது. வண்டிகளும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

சென்ற தைப்பொங்கலுக்கு ஆச்சியோடு டெலிபோனில் பேசினோம். இப்போது அவர் ஸ்டீல்ஸில் இறங்கி நடப்பதில்லை. பஸ் மகள் வீட்டு முனைவரை கொண்டுபோய் விடுகிறது. கழுத்தில் நாடா கட்டிக் கார்டைத் தொங்கவிட்டிருக்கிறாராம். சௌகரியமாக இருக்கிறதா என்று கேட்டோம்.

"சௌகரியந்தான் தம்பி. ஆனால் உதுக்குள்ளை காசு கிடக்குதோ இல்லையோ எண்டு எனக்கென்னண்டு தெரியும்? துண்டெண்டால் வாசிச்சுப் பாக்கலாம்" என்றார்.

பேரன் ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்த்து நிரப்பி வைக்கிறானாம்.